எந்த மொழியில் எச்சரிப்பது?

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். மீஞ்சூரும் பொன்னேரியும் கடந்து கவரப்பேட்டையை நெருங்குகையில், பெட்டிக்குள் தமிழோடும் தெலுங்கோடும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துகொள்கின்றன. சிப்காட் தொழில் வளாகத்தின் உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் வேலைக்குச் செல்கிறவர்களின் குரல்கள் அவை. அதே பெட்டியின் மூலையில் ஓர் இளம் பொறியாளர் கைபேசித் திரையில் தொழிற்பாதுகாப்பு மேலாண்மைப் பாடத்தைப் பார்த்துக்கொண்டு வரவும் கூடும். முதுநிலைப் படிப்பை இணையவழியே படிப்பது இன்று வியப்புக்குரியதன்று. அவர் ஆங்கிலத்தில் கற்கும் எச்சரிக்கை, எதிர் இருக்கைக்காரரின் மொழிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதே நம் கேள்வி. அதற்கு நூற்றாண்டு கடந்த ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திர விசையால் இயங்கும் ஆலைகளுக்கு மட்டும் பொருந்திய அச்சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைக்கச் சொன்னது. பாதுகாப்பு என்பது அன்று ஒரு வேலி, அதைப் பார்வையிட வரும் ஓர் அதிகாரி, அவ்வளவே. தொழிலாளிக்கு எதையும் விளக்கிச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை.

விளக்கிச் சொல்வதன் வலிமையைச் சென்னை அறிந்தது 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்களில்தான். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பேசிய பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார்; அவர் சொற்கள் தமிழாக்கப்பட்டே மக்களை எட்டின. திரு.வி.க. தம் தமிழோடு அம்மேடைக்கு வந்தார். கூலியும் வேலை நேரமும் பற்றிய பேச்சானாலும், ஆலைக்குள் உரிமை நுழைவதற்கு முன் மொழி நுழையவேண்டியிருந்தது என்பதை அக்கூட்டங்கள் காட்டின.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. ஆலையில் ஒட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அந்த ஆலையின் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று அதன் 108ஆம் பிரிவு கூறியது. 1966இல் தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 40பி பிரிவின் வழியே, ஆயிரம் பேருக்குக் குறையாத ஆலைகளிலும் அபாயமிக்க ஆலைகளிலும் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்த வழிசெய்தது. அப்பணிக்கான மாதிரி விதிகள் பட்டம், ஆலை அனுபவம், அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டயம் ஆகியவற்றோடு மற்றொன்றையும் கேட்டன: அந்த வட்டாரத்தின் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழியில் போதிய அறிவு. சென்னைத் தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்றவை பட்டயத்தைத் தந்துவிடும். மொழியை அலுவலரே கொண்டுவரவேண்டும்.

மொழி இல்லாதபோது என்ன ஆகும் என்பதைப் போபால் கற்றுத்தந்தது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பராமரிப்பின்மை, இயங்காத பாதுகாப்புக் கருவிகள், ஆட்குறைப்பு எனக் காரணங்கள் பல. அவற்றோடு, ஆங்கிலத்தில் சரளமில்லாத தொழிலாளரிடம் ஆங்கிலக் கையேடுகள் இருந்ததும் பின்னர் பலராலும் சுட்டப்பட்டது. ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கோ எந்த மொழியிலும் எதுவும் சொல்லப்படவில்லை. அதன் விளைவான 1987ஆம் ஆண்டுத் திருத்தம், அபாயத் தகவல்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளியிடுவதை ஆலையின் கடமையாக்கியது. தொழிலாளர் பங்குபெறும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையையும் தொழிலாளருக்கு வழங்கியது.

இனிக் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலையை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்து ஐந்நூறு பாகைக்கு மேல் கொதிக்கும் இரும்புக்குள் ஈரமான கழிவிரும்போ, வாய் அடைபட்ட குழாயோ விழுந்துவிட்டால், உள்ளிருக்கும் நீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்தறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். உருகிய இரும்பு வெளியே வீசப்படும். முதுநிலைப் பாடத்தில் இதற்கு வரைபடங்களும் இடர் மதிப்பீட்டுப் பட்டியல்களும் உண்டு. ஆனால் அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்து ஒதுக்கவேண்டியவர் கழிவிரும்பைப் பிரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராயின், வட்டார மொழியான தமிழில் எழுதிய பலகையும் அவருக்கு வெறும் கோடுகளே. 'வட்டாரத்தின் மொழி' என்ற விதிக்கும் 'ஆலையின் மொழி' என்ற சட்டப்பிரிவுக்கும் இடையே ஒரு காலத்தில் வேறுபாடு தெரியவில்லை. இன்று அவ்வேறுபாட்டின் நடுவில் ஓர் உயிர் நிற்கிறது.

இணையவழிக் கல்வியை நாம் குறைத்துப் பேசவில்லை. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதுநிலை வகுப்பில் சேர, வேலையை விட்டுப் போகவேண்டும். மாறாக, 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியே கரக்பூர் ஐ.ஐ.டி.யின் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் பாடம் கும்மிடிப்பூண்டி வாடகை அறைக்கே வந்துவிடுகிறது. பகலில் உலையருகே நிற்பவர் இரவில் அதன் அறிவியலைப் படிக்க முடிகிறது. இது பழைய மாணவர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு. பட்டம் மட்டும் பாதுகாப்பு அலுவலர் பணிக்குப் போதுமா, விதி கேட்கும் பட்டயத்துக்கு அது ஈடாகுமா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஐந்நூறு பேர் பணியாற்றும் ஆலைகளிலும், அபாயமிக்க தொழிலாயின் இருநூற்றைம்பது பேர் உள்ள ஆலைகளிலும் பாதுகாப்பு அலுவலரைக் கோருகிறது. அந்த எண்ணிக்கையை எட்டாத சிறு ஆலையில் அலுவலர் கட்டாயமில்லை. அங்கே பொறியாளரோ மேற்பார்வையாளரோ மேஸ்திரியோ தாமாகக் கற்றதுதான் தொழிலாளிக்குக் காவல்.

ஆகவே ரயிலில் பாடம் பார்த்து வரும் அந்த இளைஞரிடம் நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். ஆய்வேட்டை ஆங்கிலத்திலேயே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். அதோடு, 'அடைபட்ட குழாயை உலையில் போடாதே' என்பதை ஒடியாவிலும் இந்தியிலும் எப்படிச் சொல்வது என்று எதிரே அமர்ந்திருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் அந்தப் பாடம் முடிந்துவிடும்.