நம்பிக்கை எல்லை

ஒரு மதிப்பீட்டை ஒற்றை எண்ணாகக் கூறாமல், உண்மை அடங்கத்தக்க கீழ்மேல் வரம்புகளோடு கூறும் முறை. 1937இல் புள்ளியியலறிஞர் நெய்மான் இதற்குக் கணித சாஸ்திர ஆதாரம் வகுத்தார். உதாரணமாக, திருவனந்தபுரம் உள்ளிட்ட நிலையங்களின் மழையளவு முதலியவற்றைக் கொண்டு கேரளத்தில் பருவமழையின் ஆரம்பத்தை நிர்ணயிக்கும் இந்திய வானிலைத்துறை, 2005 முதல் அத்தினத்தை நான்கு நாள் முன்பின் என்னும் பிழைவரம்புடன் முன்னறிவித்துவர, 2015இல் மே 30 எனக் குறிக்கப்பட்ட மழை ஜூன் 5இல் வந்து அவ்வரம்பைக் கடந்தது. வரம்பைச் சொல்லியிருந்ததனாலன்றோ பிழையும் துலக்கமாயிற்று! சரித்திர ஆராய்ச்சிக்கோ இத்தகைய எண் எப்போதும் வாய்ப்பதில்லை. திருவனந்தபுரத்தில் சாலைப் பகுதியை அடுத்த வலியசாலையோடு பலர் இணைத்துப் பேசும் காந்தளூர்ச்சாலையில் சோழ மன்னன் முதலாம் இராஜராஜன் அறுத்ததாகச் சாசனங்கள் கூறும் ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். அங்கு ஐயத்தை எண்ணால் அளக்க வழியின்மையின், பாடநூல் எழுதுவோர் இரு பொருளையும் தருதல் வேண்டும்.