பம்பாய்ப் பலூனும் பிறக்கும் நக்ஷத்திரங்களும்

காட்கோபரில் மின்சார ரயிலேறி, முன்பு விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்ட நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் கொலாபாவின் தென்கோடிவரை செல்பவர் அங்கே கடலோரமாக நிற்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைக் காணலாம். 1945-இல் ஹோமி பாபா தோற்றுவித்த அந்நிலையத்தை அணுசக்தியோடு சேர்த்து நினைப்பதே உலக வழக்கமாகிவிட்டபடியால், நக்ஷத்திரங்கள் ஜனிக்கும் விதத்தை அகச்சிவப்புக் கிரணங்களின் துணைகொண்டு ஆராயும் அபூர்வமான கலையொன்று அங்கே பல்லாண்டுகள் பயிலப்பட்டதென்பதை, அதே நகரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழராகிய நம்மவரிலும் அறிந்தவர் சிலரே.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ள ஒரு நக்ஷத்திரம், தான் உருவான வாயுவும் தூசியும் விலகுவதற்கு முன்பே முழுப் பிரகாசத்தோடு எரியத் தொடங்கிவிடுகிறது. அதன் ஒளியைச் சூழ்ந்துள்ள தூசியே விழுங்கி, வெப்பமாக்கி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பாக வெளியே விடுவதால், அந்தப் பிரசவ அறைக்குள் எட்டிப் பார்க்க வேறு சாளரம் அரிது. அதிலும் தொலை அகச்சிவப்புக் கதிர்களை நமது ஆகாயத்திலுள்ள நீராவி வழியிலேயே உறிஞ்சிவிடுமாதலால், எத்தனை உயர்ந்த மலைமீது தொலைநோக்கியை நிறுவினாலும் போதாது. வாயுமண்டலத்தின் பெரும்பகுதியைத் தாண்டியே ஆகவேண்டும்.

தாண்டுவதற்குச் செயற்கைக்கோள் விட வசதியில்லாத நாளில், இந்நிலையத்தார் பலூனை நாடினார்கள். காஸ்மிக் கதிர்களை ஆராயும் பொருட்டுப் பாபாவின் காலத்திலேயே கைவந்த வித்தை அது. ஐதராபாத்தில் அதற்கென நிரந்தரத் தளமும் 1969-இல் அமைந்தது. 1980-களில் 100 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடியைத் தாங்கிய தொலைநோக்கி அங்கிருந்து ஏறத்தாழ 31 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று, தரையிலிருப்போரின் கட்டளைக்கிணங்கி ஒவ்வொரு தூசி மேகமாக நோக்கி, பின்பு பாராசூட்டில் இறங்கியது. எந்தக் கிராமத்து வயலில் விழுமோ என்று காத்திருந்து, விழுந்த இடத்துக்குத் தேடிச்சென்று மீட்டுவந்து, பழுது பார்த்து மறுமுறை ஏற்றிய அந்தப் பொறுமையை, கணக்கிட்டுக் கண்ட முடிவுகளைவிடக் குறைவாக நான் மதிக்கமாட்டேன். உணர்கருவிகளோ ஹீலியத்தால் கேவல பூஜ்யத்துக்கு மேல் அரை டிகிரிக்கும் குறைவான உஷ்ணநிலைக்குக் குளிர்விக்கப்பட்டன. டாண்டன், வர்மா, ரங்கராஜன், அய்யங்கார், கோஷ் முதலிய விஞ்ஞானிகள் இவ்வாறு கரீனா நெபுலா போன்ற பிறப்பிடங்களின் வெப்பப் படத்தைத் தீட்டினர். 1999 முதல் ஜப்பானியர் தந்த நிறமாலைக் கருவியும் அதே தொலைநோக்கியில் ஏறிப் பறந்தது.

ஆயினும் அத்தொலைநோக்கி துல்லியமாகக் கண்டவை பெரும்பாலும் நமது பால்வீதிக்குள் அடங்கியவை. அடுத்த வீடான பெரிய மெகல்லன் மேகம் என்னும் நக்ஷத்திர மண்டலமோ சுமார் 1,60,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதோடு, தெற்கே மிகவும் ஒதுங்கியிருப்பதால், ஐதராபாத்தின் அடிவானத்தை விட்டு அதிகம் தலைதூக்குவதே இல்லையெனலாம். அங்குள்ள பருத்த இளம் நக்ஷத்திரங்களைத் தனித்தனியே இனங்கண்டு தொகுக்க, 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி வரவேண்டியிருந்தது. ஏறத்தாழ ஆயிரம் இளம் நக்ஷத்திரங்களை அது அந்த ஒரு மண்டலத்தில் மட்டுமே காட்டிற்று. கனமான மூலகங்கள் அங்கே சூரியனிலுள்ளதில் பாதியளவே என்பதால், தூசி குறைந்திருந்த ஆதிப் பிரபஞ்சத்தில் நக்ஷத்திரங்கள் எவ்வாறு பிறந்திருக்குமென்று ஊகிக்க அது உதவுகிறது. சிறிய மெகல்லன் மேகத்தில் தூசி இன்னும் அருகியது, அதிலுள்ள என்.ஜி.சி. 346 என்னும் கொத்தை இப்போது ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி நுணுகிப் பார்த்திருக்கிறது.

ராக்கெட்டுகளின் கதையை எழுதியோர் நம்மிடையே பலர். பலூன்களின் கதை மட்டும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் ஆங்கிலத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. கொலாபாவின் பட்டறையிலும் ஐதராபாத்தின் தளத்திலும் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர் எவரேனும் மாதுங்காவிலோ செம்பூரிலோ காட்கோபரிலோ இருப்பாராயின், தம் கையால் செய்தவற்றைத் தமிழில் எழுதிவைக்குமாறு வேண்டுகிறேன்.