பர்மிங்காமில் ஒரு பெரிய வெள்ளி

உயிர்த்தெழுதல் திருநாள் நெருங்கிவிட்டால் நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு புத்தாடை பற்றியதாகும். கூலி வேலைக்குச் செல்லும் தந்தையும் கடன் வாங்கியேனும் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எடுத்துவிட முயல்வார். ஆண்டு முழுதும் கந்தல் உடுத்தியவர், ஒரு நாளேனும் பிறரைப் போல் நிமிர்ந்து ஆலயம் செல்ல விரும்புவதில் குற்றம் காண்பார் யார்? ஆயினும், 1963ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் என்னும் நகரில், கறுப்பின மக்கள் அவ்வாண்டு ஈஸ்டருக்குப் புத்தாடை வாங்குவதில்லை என உறுதி பூண்டனர். அவ்வுறுதியே அவர்கள் தம் விசுவாசத்திற்குப் பகர்ந்த சாட்சியின் தொடக்கமாயிற்று.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றை எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. நம் கழகத்தில் கிறித்தவர் உளர், இந்துக்கள் உளர், பௌத்தர் உளர். சமயம் எதுவாயினும், "பொறுத்திருங்கள், காலம் கனியட்டும்" என்னும் அறிவுரையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். அவ்வறிவுரைக்கு ஒரு போதகர் சிறையிலிருந்து எழுதிய விடையை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

நகரின் நிலை

பர்மிங்காம் இரும்பும் எஃகும் விளைந்த தொழில் நகரம். அன்று அங்கு வாழ்ந்த ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்களில் ஐவரில் இருவர் கறுப்பினத்தார். கடைத்தெருவில் அவர்கள் பணம் செல்லும். அவர்கள் செல்ல இயலாது. துணி வாங்கலாம், அதை அணிந்து பார்க்கும் அறைக்குள் நுழையலாகாது. அதே கடையின் உணவு மேடையில் அமர்ந்து ஒரு கோப்பைக் காப்பி அருந்தலாகாது. குடிநீர்க் குழாய் தனி, கழிப்பிடம் தனி, பள்ளி தனி. பூங்காக்களில் நிற ஒதுக்கல் கூடாதென நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஆணைக்குப் பணிய மனமின்றி 1962இல் நகராட்சி பூங்காக்களையே மூடிவிட்டது. தனிக் குவளையும் தனிக் கிணறும் கண்ட நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

எதிர்த்தவர் வீடுகளில் வெடிகுண்டு வெடித்தது. பிரெட் ஷட்டில்ஸ்வர்த் என்னும் போதகரின் இல்லம் 1956ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. இடிபாடுகளுக்கிடையே உயிரோடு எழுந்து வந்த அவர், அந்நகரை விட்டு ஓடவில்லை. மறு ஆண்டு தம் பெண்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது ஒரு கும்பல் அவரைச் சங்கிலிகளால் அடித்தது. அவரே 1963இல் மார்ட்டின் லூதர் கிங் அவர்களைப் பர்மிங்காமுக்கு அழைத்தவர்.

தலைமையாசிரியர் சொன்ன சொல்

கிங் அவர்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தம் துணைவியாருடன் இந்தியா வந்தார். சென்னைக்கும் மதுரைக்கும் வந்தார். குமரி முனையில் ஒரு பாறைமேல் அமர்ந்து, ஒருபுறம் கதிரவன் மறைவதையும் மறுபுறம் நிலவு எழுவதையும் கண்டார். ஓர் ஒளி மறையும் வேளையில் மற்றோர் ஒளியை இறைவன் ஏற்றுகிறான் என்று அக்காட்சியைப் பின்னர் நினைவு கூர்ந்தார்.

அப்பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றதைப் பற்றி அவரே 1965இல் தம் சபையாருக்குக் கூறினார். அப்பள்ளி மாணவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள மற்றுமொரு தீண்டத்தகாதவர் என்று குறிப்பிட்டாராம். ஒரு கணம் கிங் திடுக்கிட்டார். சிறிது சினமும் கொண்டார். பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்குப்புறக் குடியிருப்பிலும் வாடும் இரண்டு கோடி மக்களை எண்ணிப் பார்த்தார்; ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டார். அந்தத் தலைமையாசிரியரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அதே பணியில் ஆண்டுகள் பல கழித்த நமக்கு, ஒரு பள்ளி மன்றத்தில் சொன்ன ஒரு சொல் கடல் கடந்து சென்றதை எண்ணுந்தோறும் பெருமிதம் உண்டாகிறது. நம் அண்ணல் அம்பேத்கரும் 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார் என்பதை இங்கே நினைவில் கொள்க.

வேலையாடை

கிறிஸ்துமசுக்கு அடுத்தபடியாக அந்நகர வணிகர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஈஸ்டர் விற்பனையே. ஆகவே போராட்டம் 1963 ஏப்ரல் 3ஆம் நாள், ஈஸ்டருக்குப் பதினொரு நாள் முன்னதாகத் தொடங்கப்பெற்றது. கடைகளைப் புறக்கணித்தனர், உணவு மேடைகளில் அமர்ந்து கைதாயினர், இரவுதோறும் ஆலயங்களில் கூடிப் பாடினர், வேண்டினர். தொண்டர் ஒவ்வொருவரும் பத்து உறுதிமொழிகள் அடங்கிய அட்டையில் கையொப்பமிட்டனர். நாள்தோறும் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் தியானிப்பது அவற்றுள் முதலாவது. கையாலும் நாவாலும் நெஞ்சாலும் வன்முறை செய்யாதிருத்தல் மற்றொன்று. ஊர்வலம் செல்ல இயலாதோர் சமைத்தனர், வண்டி ஓட்டினர், தட்டச்சு செய்தனர். சாட்சி என்பது மேடையில் நிற்போர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஏப்ரல் 10ஆம் நாள் ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அடுத்து வந்தது மற்றோர் இடி: கைதானோரை மீட்பதற்கான பிணைப் பணம் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. கறுப்பின வணிகர் ஒருவருக்குச் சொந்தமான காஸ்டன் விடுதியின் 30ஆம் எண் அறையில் தலைவர்கள் கூடினர். கிங் வெளியே இருந்தால் பணம் திரட்டலாம். சிறை சென்றால் உள்ளே கிடப்போரை மீட்பார் யார் என்று சிலர் வாதிட்டனர். தடையாணையை மீற வேண்டாம் என்று அவருடைய தந்தையாரே கூறினார். அவரும் போதகர், மகனும் அதே சபையின் இணைப் போதகர். ஈஸ்டர் ஞாயிறன்று சபையின் மேடையில் நிற்க வேண்டிய கடமையும் இருந்தது. அட்லாண்டாவில் பதினைந்து நாட்களுக்கு முன்னர்த்தான் அவர் துணைவியார் ஒரு பெண் மகவை ஈன்றிருந்தார்.

கிங் பக்கத்து அறைக்குச் சென்று தனித்து வேண்டினார். திரும்பி வந்தபோது அவர் உடலில் வழக்கமான கறுப்பு உடுப்பும் கழுத்துப் பட்டியும் இல்லை. தொழிலாளர் அணியும் முரட்டுத் துணி வேலையாடை இருந்தது. விளைவு என்னவாகும், பணம் எங்கிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியாது. விசுவாசத்தின் பேரில் அடி எடுத்து வைப்பதாக மட்டும் கூறினார். அவருடைய நண்பர் போதகர் அபர்நாதியும் உடன் நடந்தார். சிறிது தொலைவு செல்வதற்குள் ஏறத்தாழ ஐம்பது பேர் கைதாயினர். கிங் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பின்னாளில் வெற்றி கிட்டியதை அறிந்த நாம் இதனை எளிதாகப் படித்துவிடுகிறோம். அன்று அவ்வறையில் இருந்தோர்க்கு உயிர்த்தெழுதல் தெரியவில்லை, சிலுவைதான் தெரிந்தது. தெரியாத நிலையில் நடந்ததனால்தான் அது சாட்சி ஆயிற்று.

சிறையில் எழுதிய மடல்

அதே பெரிய வெள்ளியன்று அந்நகரின் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எண்மர் ஓர் அறிக்கை விடுத்தனர். எழுவர் கிறித்தவர், ஒருவர் யூத குரு. அவர்கள் கொடியவர் அல்லர். நிறவெறி மிகுந்த அரசியலைக் கண்டித்தவர்களே. ஆயினும் போராட்டம் காலமறிந்து செய்யப்படவில்லை, நீதிமன்றத்தை நாடிப் பொறுத்திருத்தலே முறை என்றனர்.

சிறைக்குள் வந்த செய்தித்தாளில் அவ்வறிக்கையைக் கண்ட கிங், அத்தாளின் ஓரங்களிலேயே விடை எழுதத் தொடங்கினார். பின்னர்க் கிடைத்த துண்டுத் தாள்களிலும், வழக்கறிஞர் தந்த தாள்களிலும் தொடர்ந்தார். ஏப்ரல் 16ஆம் நாளிட்ட அம்மடல் ஏறத்தாழ 7,000 சொற்களைக் கொண்டது. சிறையின் ஓசையின்மையில் ஓர் அடியாள் எழுதிய திருமுகம் என்றே அதனைச் சொல்லலாம்.

அதன் கருத்துகளை நம் சொல்லில் சுருக்கித் தருவோம். பொறுத்திரு என்னும் சொல் ஒடுக்கப்பட்டோர் செவியில் ஒருபோதும் இல்லை என்னும் பொருளையே தந்துள்ளது. கேளிக்கைப் பூங்கா கறுப்பினக் குழந்தைகளுக்கு இல்லை என்பதை ஆறு வயது மகளுக்கு விளக்க இயலாமல் நா குழறும் தந்தையிடம் பொறுமை பேசுவது எளிதன்று. நீதியுள்ள சட்டத்திற்குப் பணிவது கடன். அநீதியான சட்டத்தை வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்று மீறுவது சட்டத்திற்குக் காட்டும் உயர்ந்த மதிப்பு. இதற்கு அவர் தூய அகுஸ்தீனையும், நேபுகாத்நேச்சாருக்குப் பணிய மறுத்த மூன்று எபிரேய இளைஞரையும் சான்று காட்டினார். வெளிப்படையாகப் பகைப்போரைவிட, நீதியினும் அமைதியே பெரிதென எண்ணும் நல்லவர்களே தமக்கு மிகுந்த ஏமாற்றம் அளித்தனர் என்றார். தொடக்க காலத் திருச்சபை உலகின் வெப்பநிலையை அளந்து காட்டும் கருவியாக இராமல் அதனை மாற்றும் ஆற்றலாக இருந்தது. இன்றைய சபையோ நிலவும் முறைக்குக் காவலாக நிற்கிறது என்று வருந்தினார். சபையைப் பழிப்பவனாக அன்று, சபையின் மடியில் வளர்ந்த மகனாகவே அவ்வாறு வருந்தினார்.

ஈஸ்டர் காலை

ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. கறுப்பினத்தார் சிலர் சிறு சிறு குழுவினராக வெள்ளையர் ஆலயங்களுக்கு வழிபடச் சென்றனர். சில வாயில்கள் அடைக்கப்பட்டன. கல்லறையின் கல் புரண்டுவிட்டதெனப் பாடிய ஆலயங்களே தம் கதவைச் சாத்தின! ஆயினும் ஒரு சில ஆலயங்கள் அவர்களை ஏற்றன. முதல் பாப்திஸ்து ஆலயத்தின் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ் அவர்களை வரவேற்றார். அவர் அறிக்கை விடுத்த எண்மருள் ஒருவர். கிங் தம் மடலிலேயே அச்செயலைப் பாராட்டினார். கண்டனம் எழுதும் கையே நன்றியும் எழுதிற்று. எண்மருள் மற்றொருவரான கத்தோலிக்க ஆயர் டூரிக் பின்னாளில் குடியுரிமை இயக்கத்திற்கு வெளிப்படையாகத் துணை நின்றார். அம்மடல் வீணாகவில்லை.

கிங் ஏப்ரல் 20ஆம் நாள் பிணையில் விடுதலையானார். பாடகர் பெலபாண்டே முதலியோர் பணம் திரட்டி உதவினர்.

பிள்ளைகள் வந்தனர்

ஈஸ்டர் காலம் ஒரு நாளோடு முடிவதன்று. பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் நீடிப்பது. அக்காலத்திற்குள்ளேயே, மே 2ஆம் நாள், ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர் வகுப்பை விட்டுப் பதினாறாம் தெரு பாப்திஸ்து ஆலயத்தில் கூடி ஊர்வலம் சென்றனர். மறுநாள் அவர்கள்மீது நாய்கள் ஏவப்பட்டன. தீயணைப்புக் குழாயின் நீர் பாய்ச்சப்பட்டது. அப்படங்களை உலகமே கண்டது. மே 10ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. உணவு மேடை, அணிந்து பார்க்கும் அறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் ஒதுக்கல் நீங்க வழி பிறந்தது. மறு ஆண்டு, 1964 சூலை 2ஆம் நாள், குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது.

பள்ளித் தலைமையாசிரியராகிய நாம் இவ்விடத்தில் தயங்குகிறோம். நம் பள்ளிப் பிள்ளைகளைத் தடியடிக்கு முன் நிறுத்த நமக்கு மனம் வருமா? வராது. அன்று கறுப்பினப் பெற்றோரும் தலைவரும் பலர் இதனை எதிர்த்தனர். ஊர்வலம் சென்ற ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரைக் கல்விக் குழு நீக்கவும் இடைநிறுத்தவும் செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமே இரண்டு நாட்களில் அதனைத் தடுத்தது. அப்பிள்ளைகளோ, தம் பெற்றோர் இழக்கவிருந்த வேலையைத் தாம் இழக்கத் தேவையில்லை என்று எண்ணி முன்வந்தவர்கள். நம் தயக்கமும் உண்மை. அவர்கள் துணிவும் உண்மை. பெரியோர் காலத்தே செய்யாத சாட்சியின் பாரம் பிள்ளைகள் தோளில் விழும் என்பதே நாம் கற்கும் பாடம்.

விலையும் கேட்கப்பட்டது. 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, அதே பதினாறாம் தெரு ஆலயத்தில் வெடித்த குண்டுக்கு ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த நான்கு சிறுமியர் பலியாயினர். மூவர்க்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. குற்றவாளிகளுள் ஒருவன் 1977இலும், மற்ற இருவர் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் தண்டனை பெற்றனர். பெரிய வெள்ளி ஊர்வலத்திற்காகக் கிங் பெற்ற சிறைத் தண்டனையையும் உச்ச நீதிமன்றம் 1967இல் உறுதி செய்தது. அவர் மீண்டும் சிறை சென்றார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணை நிற்கச் சென்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டும் ஈஸ்டர் ஏப்ரல் 14ஆம் நாளே வந்தது. அவருடைய நல்லடக்கம் பரிசுத்த வாரத்தின் செவ்வாயன்று நடந்தேறியது.

நமக்கு உரியது

இளைஞர்களே! இவ்வரலாற்றை அயல்நாட்டுக் கதையென மூடிவிடாதீர்கள். நம் நாட்டிலும் ஒரே நற்கருணையை உண்டவர்க்குத் தனி இடமும், ஒரே உயிர்த்தெழுதலை நம்பி மாண்டவர்க்குத் தனிக் கல்லறையும் வகுத்த ஆலயங்கள் உண்டு. சில ஊர்களில் அச்சுவர் இன்னும் நிற்கிறது. அதனைக் கண்டும் பொறுத்திருங்கள் என்போர் இன்றும் உளர்; அவர்களுள் நல்லவரும் உளர். அவர்களுக்கு வசைமொழி விடையாகாது. கிங் செய்தது போல், கற்று, ஆய்ந்து, சான்று காட்டி, அன்போடு எழுதுங்கள். சிறையில் நூலின்றி அம்மடலை எழுத அவருக்குத் துணை நின்றது முன்னரே கற்ற கல்வி. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் இரவுப் பாடமும் புத்தகமும் தந்து வருவது அத்தகைய கல்விக்காகவே.

வரும் ஈஸ்டரில் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுங்கள், மகிழ்ந்து உடுத்துங்கள். உடுத்தும்போது, ஒரு பெரிய வெள்ளியன்று ஒருவர் நல்லுடையைக் களைந்து வேலையாடை பூண்டு தெருவில் இறங்கினார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.