மடிப்பிலிருந்து பணியை ஊகிக்கலாமா? லூசின் செறிந்த மறுநிகழ்வுப் புரதங்கள் குறித்து

மரபணுப் பட்டியல்களில், குறிப்பாகத் தாவர மரபணுப் பட்டியல்களில், லூசின் செறிந்த மறுநிகழ்வு கொண்ட புரதம் ஒன்று தென்பட்டால் அதை நோய் எதிர்ப்போடு சேர்த்து எண்ணும் போக்கு உண்டு. அந்த ஊகத்துக்கு மறுநிகழ்வு மட்டும் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த அலகு திரும்பத் திரும்ப வரும் இந்த மறுநிகழ்வு 1985இல் மனிதக் குருதிநீரின் கிளைக்கோபுரதம் ஒன்றில் முதலில் இனங்காணப்பட்டது. அதன் 312 அமினோ அமிலங்களில் 66 லூசின். பொதுவாக ஓர் அலகின் நீளம் 20 முதல் 30 அமினோ அமிலங்கள். அதற்குள் 11 இடங்கள் கொண்ட ஒரு பகுதி அதிகம் மாறாமல் இருக்கும்: 1, 4, 6, 11 ஆகிய இடங்களில் லூசின் அல்லது அதையொத்த நீர்வெறுக்கும் அமினோ அமிலம், 9ஆம் இடத்தில் பெரும்பாலும் அஸ்பராஜின்.

இவை ஏன் மாறவில்லை என்பதை, 1993இல் கோபேவும் டைசன்ஹோஃபரும் வெளியிட்ட பன்றியின் ரைபோநியூக்ளியேஸ் தடுப்பியின் படிக அமைப்பு விளக்கியது. லூசின்கள் உள்நோக்கித் திரும்பிப் புரதத்தின் உள்ளகத்தை நிரப்புகின்றன. அஸ்பராஜின்கள் அடுத்தடுத்த அலகுகளை ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோக்கின்றன. பீட்டா இழைகள் ஒரு பக்கமும் ஆல்ஃபா சுருள்கள் மறுபக்கமும் அடுக்கப்படுகின்றன. சுருள்களுக்கு இடம் அதிகம் தேவைப்படுவதால் முழுப் புரதமும் குதிரை லாடமாக வளைந்து, இழைகள் அதன் குழிந்த பரப்பில் அமைகின்றன. ஆக, மாறாத அமினோ அமிலங்களின் வேலை மடிப்பை, அதாவது புரதத்தின் இந்த முப்பரிமாண வடிவத்தைக் காப்பது. எதைப் பற்றுவது என்பதை அவை தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பவை இழைகளில் லூசின்களுக்கு இடையே வெளிநோக்கி நிற்கும் அமினோ அமிலங்கள். லிஸ்டீரியா பாக்டீரியாவின் இன்டர்னலின்-ஏ என்னும் புரதம் இதற்கு நல்ல சான்று. அது தன் 15 மறுநிகழ்வுகளின் குழிந்த பரப்பால் மனிதக் குடற்செல்லின் ஈ-கேட்ஹெரின் என்னும் புரதத்தைத் தழுவிக்கொள்கிறது. செல்லுக்குள் பாக்டீரியா நுழைய அதுவே வழி. கேட்ஹெரினின் 16ஆம் இடத்தில் மனிதருக்குப் புரோலின், எலிக்குக் குளூட்டமிக் அமிலம். இந்த ஒரு வேறுபாட்டால் எலியின் கேட்ஹெரினோடு இன்டர்னலின்-ஏ சரிவர இணைவதில்லை. இங்கே இதே மடிப்பு நோயுண்டாக்கும் கிருமியின் கருவி என்பதைக் கவனிக்க வேண்டும்.

பற்றுமிடம் எப்போதும் குழிந்த பரப்புதான் என்ற எதிர்பார்ப்பும் நிலைக்கவில்லை. நோய் எதிர்ப்பு ஏற்பிகளில் ஒன்றான டோல் வகை ஏற்பி 3, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தன் பக்கவாட்டால் பிடிக்கிறது. டோல் வகை ஏற்பி 4 விஷயத்தில், பாக்டீரியக் கொழுப்பின் ஆறு சங்கிலிகளில் ஐந்து துணைப் புரதமான எம்.டி-2வின் பைக்குள் அடங்குகின்றன. தாவரங்களின் பி.ஆர்.ஐ-1 ஏற்பியில் மறுநிகழ்வுகளுக்கு நடுவே செருகப்பட்ட சுமார் 70 அமினோ அமிலத் துண்டு ஒன்று ஹார்மோன் அமரும் பள்ளத்தை உருவாக்க உதவுகிறது. பி.ஆர்.ஐ-1 பிராசினோஸ்டீராய்டு என்னும் வளர்ச்சி ஹார்மோனுக்கான ஏற்பி. பாக்டீரியாவின் ஃபிளாஜெலினை உணர்ந்து எதிர்ப்பைத் தூண்டும் எஃப்.எல்.எஸ்-2வும் அதே கட்டமைப்புடையது. இரண்டுக்கும் துணை ஏற்பி கூட ஒன்றே, பி.ஏ.கே-1. கட்டமைப்பை மட்டும் பார்த்து இவற்றில் எது வளர்ச்சிக்கு, எது காப்புக்கு என்று சொல்லிவிட முடியாது.

நெல்லின் இலைக்கருகல் நோயைத் தடுக்கும் எக்ஸ்.ஏ-21 மரபணு இக்குடும்பத்தைச் சேர்ந்ததே, சம்பா மசூரி நெல்லின் மேம்படுத்தப்பட்ட வகையிலும் அது இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 1995இல் அதன் பங்கை நிறுவியது வரிசை ஒற்றுமை அன்று. அம்மரபணுவைப் பெற்ற நெற்பயிர் நோயைத் தாங்கிய சோதனை.

மடிப்பும் பணியும் தனித்தனியே மாறக்கூடியவை என்பதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று, தாடையற்ற மீனான லாம்ப்ரேயிடம் உள்ளது. நம் எதிர்ப்பொருள்களைப் போன்ற இம்யூனோகுளோபுலின் மூலக்கூறுகள் அதற்கு இல்லை. அதன் மாறுபடும் லிம்ஃபோசைட் ஏற்பிகள், 2004இல் அறியப்பட்டபடி, லூசின் செறிந்த அலகுகளால் ஆனவை. முழுமையற்ற ஒரு மரபணுவுக்கு அருகே கிடக்கும் பல துண்டுகளிலிருந்து ஒவ்வொரு லிம்ஃபோசைட்டும் தன் ஏற்பியைக் கோத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான வேறுபாடுகள் பிறந்தும் சட்டகம் அப்படியே நிற்கிறது.

வரிசையே பயனற்றது என்பது என் கருத்தன்று. இழைகளில் வெளிநோக்கிய இடங்கள் மட்டும் இயற்கைத் தேர்வால் விரைந்து மாறியிருந்தால், அந்தப் பரப்பு மாறிவரும் எதிரியை எதிர்கொள்கிறது என்று கருத இடமுண்டு. தாவர எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றில் இத்தகைய மாற்றத்தடம் காணப்படுகிறது. அந்தத் தடமோ பிணைப்புச் சோதனையோ இல்லாதவரை, பட்டியல் தயாரிப்போர் ‘லூசின் செறிந்த மறுநிகழ்வு கொண்டது’ என்று மட்டும் எழுதி, பணி என்ற கட்டத்தை வெற்றாக விடவேண்டும்.