கோடைகாலச் சராசரி வெப்பநிலை

கோடைகாலச் சராசரி வெப்பநிலை என்பது ஓர் இடத்தில் கோடை மாதங்களில் பதிவாகும் காற்று வெப்பநிலைகளின் சராசரி ஆகும். வெவ்வேறு பகுதிகளின் தட்பவெப்பநிலையை ஒப்பிட இது பரவலாகப் பயன்படுகிறது. எனினும், எந்த மாதங்கள், எவ்வாறு கணிக்கப்பட்டது, காற்றின் ஈரப்பதம் எவ்வளவு என்பவற்றை அறியாமல் இவ்வெண்ணைக் கொண்டு மட்டும் ஓர் ஊர் மற்றோர் ஊரைவிட வெப்பமானது எனக் கூற இயலாது.

கோடை மாதங்கள்

ஐரோப்பாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் கோடையாகக் கொள்ளப்படுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரையிலான காலத்தைக் கோடையாக வகுத்துள்ளது. கேரளத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வெப்பம் தணிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் அதன்பின்னும் வெயில் நீடிக்கிறது. ஆகவே மார்ச் முதல் மே வரையிலான சராசரி, இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை முழுமையாகக் காட்டாது.

கணிக்கும் முறை

பல நாடுகளில் ஒரு நாளின் உயர்ந்தபட்ச, தாழ்ந்தபட்ச வெப்பநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்து நாள் சராசரி பெறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, உள்நாட்டு ஊர் ஒன்றில் பகலில் 40 பாகை செல்சியசும் இரவில் 26 பாகையும் பதிவானால் சராசரி 33 பாகை ஆகும். கடற்கரை ஊர் ஒன்றில் 36, 30 பாகைகள் பதிவானாலும் சராசரி அதே 33 பாகைதான். முதல் ஊரில் பகல் கடுமையானது. இரண்டாவதில் இரவு புழுக்கமானது. சராசரி இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஒரே ஆண்டின் அளவீடு தட்பவெப்பநிலையைக் காட்டாது. 1991-2020 போன்ற 30 ஆண்டுக் காலத்தின் சராசரியையே உலக வானிலை அமைப்பு இயல்பு அளவாகக் கொள்கிறது. மேலும், காரியாபட்டி வட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு போன்ற சிறிய ஊர்களுக்கு இணையத்தில் தரப்படும் அட்டவணைகள் பல, தொலைவிலுள்ள நிலையங்களின் தரவுகளிலிருந்தோ கணினி மாதிரிகளிலிருந்தோ கணிக்கப்பட்டவை.

ஈரப்பதம்

வியர்வை ஆவியாவதால் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறைந்து, அதே வெப்பநிலை கூடுதலாக உணரப்படும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலையை அறிவிக்க இடத்திற்கேற்ப வெவ்வேறு அளவுகளைப் பயன்படுத்துகிறது. உயர்ந்தபட்ச வெப்பநிலை சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 பாகை செல்சியசை எட்டிய பின்னரே, அது இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பது கருதப்படும்.

சிவகாசிப் பகுதி

சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வளர அங்குள்ள வறண்ட வானிலையும் குறைந்த மழையும் முக்கியக் காரணங்களாகும். தீக்குச்சிகளும் பட்டாசுகளும் வெயிலில் எளிதில் உலர்கின்றன. அதே வறட்சி ஆபத்தையும் தருகிறது. வறண்ட காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். வெடிமருந்துக் கலவைகள் வெப்பத்தாலும் உராய்வாலும் தீப்பற்றக்கூடியவை.

வானிலை நிலையங்களில் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டியில் அளக்கப்படுகிறது. உலர்த்தும் களத்தில் நேரடி வெயிலில் பணிபுரிவோர் எதிர்கொள்ளும் வெப்பம் இதனினும் அதிகம். எனவே இத்தகைய பணியிடங்களின் பாதுகாப்பைப் பொறுத்தவரை பருவச் சராசரியைவிட நண்பகல் உச்ச வெப்பநிலையும் ஈரப்பதமுமே பயனுள்ள அளவுகளாகும்.