தயோரிடசினும் இதயத் துடிப்பும்

தயோரிடசின் மனச்சிதைவு நோய்க்குத் தரப்பட்ட ஒரு மருந்து. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் 'மெல்லரில்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1952இல் பாரிசில் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிய குளோர்புரோமசினும் அதன் பின்வந்த மருந்துகளும் பலருக்குக் கைநடுக்கத்தையும் தசை விறைப்பையும் உண்டாக்கின. தயோரிடசினில் இவை குறைவு. அதனால் மென்மையான மருந்து என்று பெயர் பெற்று, முதியோருக்கும் தாராளமாக வழங்கப்பட்டது.

அதிக அளவில் உட்கொண்டால் விழித்திரை கெடும் என்பது தெரிந்ததும், நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் என உச்சவரம்பு வைக்கப்பட்டது. இதயத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு அத்தகைய வேகம் கிடைக்கவில்லை. இம்மருந்து இ.சி.ஜி. பதிவை மாற்றுவதையும், அவ்வாறு மாறிய இருவர் இறந்ததையும் 1963இலேயே கனடிய மருத்துவச் சங்க இதழில் கெல்லி உள்ளிட்ட மூவர் எழுதினர். ஆனால் அம்மாற்றங்களைத் தீங்கற்றவை என்று கருதிய மருத்துவர்கள் பலர். துடிப்புக் கோளாறால் நேரும் திடீர் மரணம் பிரேதப் பரிசோதனையிலும் தடயம் விடுவதில்லை. மனநோயாளியின் மரணத்துக்கு வேறு காரணம் சொல்வதும் எளிதாக இருந்தது.

இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் காலமே இ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி. இதயத் தசை அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால் ஒன்றைத் தயோரிடசின் அடைப்பதால் இந்த இடைவெளி நீள்கிறது. துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லி வினாடியைத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் கூடும். அப்போது தோன்றக்கூடிய, முறுக்கிய நாடா போன்ற துடிப்புக் கோளாறுக்கு 'டோர்சாட் டி பாயின்ட்' என்று பிரெஞ்சு மருத்துவர் தெசெர்தென் பெயரிட்டது 1966இல். அவர் அதைக் கண்டது இதய மின்கடத்தல் தடைப்பட்டிருந்த 80 வயது மூதாட்டி ஒருவரிடம். மனநல மருந்தோடு அதற்குத் தொடர்பில்லை.

பழைய மருந்தின் குறையை வெளிக்கொணர்ந்தது ஒரு புதிய மருந்தின் மீதான சந்தேகம். சிப்ராசிடோன் க்யூடி இடைவெளியை நீட்டுவதாகக் கண்ட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அதற்கு அனுமதி மறுத்து, பிற மருந்துகளோடு ஒப்பிட்டு வரச் சொன்னது. ஆறு மருந்துகளை ஒப்பிட்ட அந்த ஆய்வில் இடைவெளியை மிக அதிகமாக நீட்டியது தயோரிடசின்: ஏறத்தாழ 36 மில்லி வினாடி. சிப்ராசிடோன் 2001இல் அனுமதி பெற்றது. தயோரிடசினுக்கோ 2000 ஜூலையில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை வந்தது; வேறு மருந்துகள் பலனளிக்காதவர்களுக்கு மட்டுமே தரலாம் என்றானது. சாண்டோசின் வாரிசான நோவார்ட்டிஸ் 2005இல் மெல்லரிலை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே 42 ஆண்டுகள்.

புதிய வகை மருந்துகளும் முற்றிலும் பாதுகாப்பானவை அல்ல. அவற்றை உட்கொள்வோரிடமும் திடீர் இதய மரணம் ஏறத்தாழ இருமடங்கு என்றும், மருந்தின் அளவோடு அது கூடுகிறது என்றும் 2009இல் ரே குழுவினரின் அமெரிக்க ஆய்வு காட்டியது. மனச்சோர்வுக்கான சிட்டலோபிராமுக்கும் 2011இல் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என வரம்பு வந்தது. 60 வயதைக் கடந்தோருக்கு 20.