எழுதினவன் பேரைச் சொல்லி...

வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீட்டின பேப்பரில் எல்லாம் கையெழுத்து போட்டேன். அதில் ஒண்ணு, நான் எழுதும் கோடு முழுக்க கம்பெனிக்கே சொந்தம் என்பது. சமீபத்தில் காப்புரிமையின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது.

லண்டனில் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்று ஒரு சங்கம். அச்சடிப்பவர்கள், புத்தக வியாபாரிகள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். 1557-ல் மேரி ராணி அவர்களுக்குச் சாசனம் கொடுத்தார். அரசுக்கு ஆகாத புத்தகங்களை அவர்கள் தேடிப் பிடிக்கணும். பதிலுக்கு அச்சுத் தொழில் அவர்கள் கையில். சங்கப் பதிவேட்டில் ஒருத்தர் ஒரு புத்தகத்தைப் பதிந்துவிட்டால், அது காலத்துக்கும் அவருடையது.

எழுதினவருக்கு? 1667-ல் மில்டன் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தைக் கொடுத்து கையில் வாங்கியது 5 பவுண்டு. முதல் பதிப்பு விற்றதும் இன்னொரு 5. அவ்வளவுதான்!

சங்கத்துக்குப் பக்கபலமாக இருந்த உரிமச் சட்டம் 1695-ல் காலாவதியானது. பாராளுமன்றத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். பழைய சட்டத்தையே திரும்பக் கேட்டது எடுபடவில்லை. அப்புறம்தான் சுருதி மாறியது: "ஐயோ, திருட்டுப் பதிப்பால் எழுத்தாளர் குடும்பங்கள் அழிகின்றனவே!"

1710-ல் சட்டம் வந்தது. ஆனா அவர்கள் நினைத்த மாதிரி இல்லை :-) புதுப் புத்தகத்தின் உரிமை முதலில் எழுதினவருக்கு. அதுவும் 14 வருஷம்தான். அப்போது அவர் உயிரோடு இருந்தால் உரிமை அவர் கைக்கே திரும்பும், இன்னொரு 14 வருஷத்துக்கு. பழைய புத்தகங்களுக்கு 21 வருஷம்.

1731-ல் அந்த 21 வருஷம் முடிந்தது. வியாபாரிகள் மறுபடி பாராளுமன்றம் போனார்கள், கெடு நீளவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். எழுத்தாளருக்கு இயற்கையாகவே நிரந்தர உரிமை உண்டாம். அதை இவர்கள் காசு கொடுத்து வாங்கிவிட்டார்களாம்! 1769-ல் ஜெயித்தும் விட்டார்கள். எடின்பரோ வியாபாரி அலெக்சாண்டர் டொனால்ட்சன் விடவில்லை. மலிவுப் பதிப்பு போடுகிறவர் அவர். 1774-ல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது: கெடு முடிந்தால் முடிந்ததுதான்.

இரண்டு வழக்கிலும் சண்டை ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரின் புத்தகத்துக்கு. அவரோ 1748-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

திருட்டுப் பதிப்பு எழுதினவரையும் பாதிக்கும், மறுக்கவில்லை. ஆனா ஒரு பதிப்பாளர் சங்கம் எழுத்தாளர் நலன் என்று பேசும்போது ஒண்ணே ஒண்ணு கேட்கத் தோணுது. அந்த உரிமை எழுதினவர் கைக்கு எப்போ திரும்பும்? 1710-லேயே அதுக்கு ஒரு பதில் இருந்தது. நான் கையெழுத்து போட்ட பேப்பரில் இல்லை.